240 டயர் வண்டி எப்படி ஓடுகிறது? ஹைட்ராலிக் டிரெய்லர்: ஓர் எளிய அறிமுகம்

வந்தவாசிப் பக்கம் கொரக்கோட்டையில் வெட்டிய ஒற்றைக் கல் ஒன்று 2018 டிசம்பரில் பெங்களூருக்குக் கிளம்பியது ஞாபகம் இருக்கிறதா? ஈஜிபுராவில் உள்ள கோதண்டராமர் கோயிலுக்கான பெருமாள் சிலைக்கு எடுத்த கல் அது. எடை முந்நூறு டன்னுக்கு மேல். அதைச் சுமந்த வண்டிக்கு 240 டயர் என்று செய்திகளில் வந்தது. பெங்களூர் போய்ச் சேர ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது. செஞ்சிப் பக்கம் தெரு பத்தாமல் வீடு, கடைகளின் முன்பகுதியை இடித்து வழிவிட்டார்கள். டயர்கள் வெடித்தன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆற்றுப் பாலத்தை நம்பாமல், பக்கத்திலேயே தற்காலிக மண்பாதை போட்டு வண்டியை இறக்கி ஏற்றினார்கள்.

அப்போது கூட்டம் கூட்டமாகப் போய்க் கல்லைப் பார்த்தார்கள். எனக்கு என்னவோ கல்லுக்குக் கீழே இருந்த வண்டிதான் பெரிய அதிசயமாகத் தெரிந்தது. இந்த மாதிரி வண்டியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், எப்படி ஓட்டுகிறார்கள் என்பதைத்தான் முதலிலிருந்து சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஊர்ப்பக்கம் ஹைட்ராலிக் டிரெய்லர் என்றால், டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கொட்டும் டிப்பரைத்தான் நினைப்பார்கள். அதில் ஹைட்ராலிக் செய்யும் வேலை பெட்டியைத் தூக்கிக் கவிழ்ப்பது மட்டுமே. நாம் பேசப்போவது வேறு சாதி. இதில் ஹைட்ராலிக் இருப்பது சக்கரத்துக்கு மேலே, சாதாரண லாரியில் ஸ்பிரிங் பட்டை இருக்கும் இடத்தில். வண்டியின் மொத்த எடையும் எண்ணெய் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு நீளமான இரும்பு மேடை. அதன் நடுவே முதுகெலும்பு மாதிரி ஒரு கனமான பீம். அடியில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு வரிசை வீதம் சக்கரங்கள். ஒரு வரிசையில் இடது பக்கம் நான்கு டயர், வலது பக்கம் நான்கு, ஆக எட்டு. இந்த ஒரு வரிசையைத்தான் தொழிலில் ஒரு ஆக்சில் என்பார்கள். "பத்து ஆக்சில் வண்டி" என்றால் 80 டயர் என்று புரிந்துகொள்ள வேண்டும். நான்கு ஆக்சில், ஆறு ஆக்சில் என்று துண்டு துண்டாகச் செய்து, தேவைக்கு ஏற்ப ஒன்றோடொன்று கனமான இரும்பு ஆணி (தொழிலில் இதைப் பின் என்பார்கள்) போட்டுக் கோத்துக்கொள்ளலாம். ரயில் பெட்டி கோப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோத்த பிறகு ஒரே பலகை மாதிரி விறைப்பாக நிற்கும். ஜெர்மனியின் கோல்ட்ஹோஃபர், ஷாயர்லே, பிரான்ஸின் நிக்கோலா, இத்தாலியின் கொமெட்டோ எல்லாம் இந்தத் தொழிலில் பழைய பெயர்கள்.

சரி, இவ்வளவு டயர் எதற்கு? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் எடை வரம்பை உயர்த்தியது. அதன்படி நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலில் 11.5 டன் ஏற்றலாம்; முன்பு 10.2 டன். அப்படியென்றால் ஒரு டயருக்கு 2.9 டன்னை ஒட்டி வருகிறது. ஹைட்ராலிக் டிரெய்லருக்குச் சாலையில் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு, எட்டு டயர் உள்ள ஒரு வரிசைக்கு 18 டன். ஒரு டயருக்கு 2.25 டன். அதாவது முந்நூறு டன் கல்லை ஏற்றிய வண்டியின் ஒரு டயர், நெல் மூட்டை ஏற்றிப் போகும் லாரியின் டயரைவிடக் குறைவாகத்தான் தரையை அழுத்துகிறது.

அப்படியானால் தார் ரோட்டுக்குப் பெரிய பயம் இல்லை. பயம் பாலத்துக்குத்தான். ரோடு தன் மேல் இருக்கும் டயரை மட்டும் பார்க்கும். பாலம் தன் மேல் இருக்கும் அத்தனை டயரையும் கூட்டிப் பார்க்கும். இரண்டு தூணுக்கு இடையே 20 மீட்டர் உள்ள ஒரு பாலத்தில், ஒன்றரை மீட்டருக்கு ஒரு வரிசை என்றால் ஒரே நேரத்தில் 13 வரிசை நிற்கும். 13 பெருக்கல் 18, 234 டன். நம் சாலைகளில் ஓடும் மிகப்பெரிய சாதாரண டிரெய்லர் லாரிக்கே மொத்த எடை வரம்பு 55 டன்தான். இப்போது அந்த மண்பாதை ஏன் தேவைப்பட்டது என்று புரிகிறதல்லவா?

அடுத்தது எண்ணெய். இதுதான் இந்த வண்டியின் உயிர்நாடி, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம்.

கொத்தனார் மட்டம் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். நீளமான டியூபில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறு முனையை அந்தச் சுவரிலும் பிடிப்பார். நடுவில் டியூப் எப்படி வளைந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தண்ணீர் ஒன்றோடொன்று தொடர்பில் இருப்பதுதான் காரணம். ஹைட்ராலிக் டிரெய்லரின் ஒவ்வொரு சக்கரத் தொகுதிக்கு மேலும் ஒரு சிலிண்டர் இருக்கிறது. அந்தச் சிலிண்டர்களைக் குழாய் போட்டு ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்கள். ஒரு சக்கரம் வேகத்தடை மேல் ஏறினால் அதன் சிலிண்டர் அமுங்கும். அதிலிருந்து வெளியேறும் எண்ணெய் மற்ற சிலிண்டர்களுக்குப் பகிர்ந்துபோகும். பள்ளத்தில் இறங்கினால் மற்றவை எண்ணெயைத் தள்ளிவிடும், அது நீண்டு தரையைத் தொடும். எல்லாம் ஒரே குழாயில் இருப்பதால் எல்லாவற்றிலும் ஒரே அழுத்தம். ஒரே அழுத்தம் என்றால் எல்லாச் சக்கரத்திலும் ஒரே எடை.

சாதாரண லாரியில் இது நடக்காது. மேட்டில் ஏறிய ஆக்சில் அதிக எடையைத் தாங்கும், பக்கத்து ஆக்சில் சும்மா தொங்கும். முப்பது வரிசையில் ஸ்பிரிங் பட்டை வைத்து ஒரு வண்டி செய்தால், முதல் வேகத்தடையிலேயே நாலு ஆக்சில் முறியும். இங்கே சிலிண்டர் மொத்தமாக 60 செ.மீ. வரை ஏறி இறங்கும். நடுநிலையில் ஓட்டினால் மேலே 30, கீழே 30 என்று கையிருப்பு இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் வரும். எல்லாச் சிலிண்டரையும் ஒரே குழாயில் இணைத்துவிட்டால் என்ன ஆகும்? வண்டி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தால் அந்தப் பக்கத்து எண்ணெய் தடையில்லாமல் மறு பக்கம் ஓடிவிடும். மேடை கவிழ்ந்துவிடும். அதனால் சிலிண்டர்களைக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள். பெரும்பாலும் மூன்று குழு.

ஏன் மூன்று? நம் பாட்டிமார் அடுப்புக் கூட்டியபோது கல்லை எண்ணி வைத்ததை நினைத்துப் பாருங்கள். மூன்று கல். தரை எவ்வளவு மேடுபள்ளமாக இருந்தாலும் மூன்று கல் மேல் வைத்த பானை ஆடாது. நாலு கால் நாற்காலி ஆடும்; ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைக்க வேண்டும். அதே விஷயம்தான். பத்து ஆக்சில் வண்டியில் முன்னால் உள்ள நாலு வரிசையை இடது, வலது சேர்த்து ஒரு குழுவாக இணைப்பார்கள். பின்னால் உள்ள ஆறு வரிசையில் இடது பக்கம் ஒரு குழு, வலது பக்கம் ஒரு குழு. இப்போது 80 டயர் இருந்தாலும் கணக்குக்கு வண்டி மூன்று கால் மேல்தான் நிற்கிறது. அந்த மூன்று காலையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். சரக்கின் எடை மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும் வரை வண்டி நிற்கும். வெளியே போனால் சாயும்.

பிரமாண்டமாகத் தெரியும் இந்த வண்டி எவ்வளவு சின்ன இடத்தில் நிற்கிறது என்பதை எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். இடது, வலது சக்கரத் தொகுதிகளின் மையங்களுக்கு இடையே 1.8 மீட்டர் என்று வைப்போம். மேலே சொன்ன பத்து ஆக்சில் வண்டியில், நடுமேடையில் அந்த முக்கோணத்தின் விளிம்பு, மையக்கோட்டிலிருந்து வெறும் 54 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. சரக்கின் எடை மையம் மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால், மேடை ஒரு பக்கம் சுமார் 10 டிகிரி சாய்ந்தாலே எல்லைக்கு வந்துவிடும். நான்கு குழுவாகப் பிரித்தால் 54 செ.மீ. 90 ஆகிவிடும், பக்கவாட்டில் பலம் கூடும். ஆனால் நாற்காலிப் பிரச்சினையும் கூடவே வரும்: மேடுபள்ளத்தில் எதிரெதிர் மூலைகள் எடையைப் பிடித்துக்கொள்ள, மேடை முறுக்கிக்கொள்ளும். உயரமான, ஒல்லியான சரக்குக்கு நான்கு. மற்றதற்கெல்லாம் மூன்று என்பது புதியவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு. அனுபவசாலிகள் சரக்கைப் பார்த்து மாற்றுவார்கள்.

இனி தேர்வுக்கு வருவோம்.

முதல் கேள்வி, ஹைட்ராலிக் வேண்டுமா என்பதே. நிறையப் பேர் தேவையில்லாமல் கேட்டுப் போய்ப் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஊரில் குளம் தூர்வார ஒரு 20 டன் பொக்லைன் கொண்டுபோக வேண்டுமா? சாதாரண லோ பெட் போதும். மேடை தாழ்வாக இருக்கும், பின்னால் சாய்பலகை இருக்கும், வண்டி தானே ஏறி உட்கார்ந்துகொள்ளும். நாற்பது டன் வரையிலான இயந்திரங்களுக்கு அதுதான் சரி. ஒரே பொருளாக அறுபது எழுபது டன்னைத் தாண்டும்போது, பிரித்துக் கொண்டுபோகவும் வழியில்லாதபோது, ஹைட்ராலிக் ஆக்சிலைப் பற்றி யோசிக்கலாம். மின்மாற்றிகள், திருச்சி பெல் தொழிற்சாலையில் செய்யும் கொதிகலன் டிரம்கள், சுத்திகரிப்பு ஆலைகளுக்கான உயரமான கலன்கள் எல்லாம் இந்த ரகம். தூத்துக்குடி வழியாகப் போகும் காற்றாலை இறக்கை கூட இதில் சேராது. அதற்குப் பிரச்சினை நீளம்தான், எடை இல்லை; இழுத்தால் நீளும் டிரெய்லர் வேண்டும்.

இரண்டாவது, எத்தனை ஆக்சில்? 120 டன் எடையுள்ள ஒரு மின்மாற்றியை எடுத்துக்கொள்வோம். அதற்கு அடியில் வைக்கும் பீம், மரக்கட்டை, சங்கிலி எல்லாம் சேர்ந்து ஒரு 5 டன். ஆக 125. ஒரு வரிசைக்கு 18 டன் அனுமதி என்றாலும் டிரெய்லரின் சொந்த எடையே வரிசைக்கு 4 டன் போய்விடும். மிச்சம் 14. 125-ஐ 14-ஆல் வகுத்தால் 8.9. ஒன்பது ஆக்சில் போதும் என்று கணக்கு சொல்லும். ஒன்பதில் ஒன்று பஞ்சர் ஆனால்? பத்து போட வேண்டும். சரக்கின் எடையை வாய்வார்த்தையாகக் கேட்டுக் கணக்குப் போடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்மாற்றியை எண்ணெயை வடித்து, உள்ளே உலர் காற்றோ நைட்ரஜனோ நிரப்பித்தான் கொண்டுபோவார்கள். எண்ணெயோடு ஒரு எடை, இல்லாமல் ஒரு எடை. வரைபடத்தில் இரண்டும் இருக்கும். எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

ஆக்சில் கூடக்கூட நல்லதுதானே, பன்னிரண்டு போட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். மின்மாற்றியின் நீளம் ஏழெட்டு மீட்டர்தான் இருக்கும். பன்னிரண்டு ஆக்சில் மேடை 18 மீட்டர் நீளம். நடுவில் மட்டும் எடை அழுத்த, இரண்டு முனையிலும் எண்ணெய் அதே அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளும். காலியாக இருக்கும் முனைகள் மேலே தூக்கப் பார்க்கும், நடு முதுகு கீழே வளையும். முதுகெலும்பு பீமின் வளைவுத் தாக்குப்பிடிப்பு எவ்வளவு என்று தயாரிப்பாளர் ஒரு அட்டவணை கொடுத்திருப்பார். கயிற்றுக் கட்டிலில் நடுவில் மட்டும் குண்டானவர் உட்கார்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். குட்டையான, கனமான சரக்குக்கு அடியில் நீளமான பீம்களைப் போட்டு எடையை மேடை முழுக்கப் பரப்ப வேண்டும். இல்லையென்றால் இரண்டு டிரெய்லரைப் பக்கவாட்டில் சேர்த்து அகலமாக்க வேண்டும். அகலமாக்கினால் சாயும் பயமும் குறையும், ஆனால் ரோடு வேண்டுமே. சாதாரண வாகனங்களுக்கு அகல வரம்பு 2.6 மீட்டர். ஒற்றை மேடையே 3 மீட்டர்.

மூன்றாவது, இழுக்கும் வண்டி. தொழிலில் இதைப் புல்லர் என்பார்கள். குதிரைத்திறனைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் எடையைக் கேட்பேன். புல்லரின் முதுகில் இரும்புத் தகடோ கான்கிரீட் கட்டையோ ஏற்றியிருப்பதைப் பார்த்து, ஏற்கெனவே இருக்கும் பாரம் பத்தாதா என்று தோன்றியிருக்கும். காரணம் இருக்கிறது. நம் பத்து ஆக்சில் வண்டி சரக்கோடு 165 டன், பாரம் ஏற்றிய புல்லர் 40 டன், மொத்தம் 205. நல்ல சமதள ரோட்டில் இதை உருட்ட எடையில் 2 சதவீதம், அதாவது 4 டன் இழுவிசை போதும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏற்றம் வந்தால் இன்னும் 10 டன் கூடி, 14 டன்னைத் தாண்டும். அந்த இழுவிசையைத் தரையில் பதிக்க டயருக்குப் பிடிமானம் வேண்டும். இன்ஜின் சக்தி போகும் பின் ஆக்சில்களில் 26 டன் எடை இருந்தால், காய்ந்த ரோட்டில் அதில் பத்துக்கு ஆறு பங்கு பிடிமானமாகக் கிடைக்கும்: 15.6 டன். தப்பித்தோம். மழை பெய்து அது பத்துக்கு நாலாகக் குறைந்தால் 10.4 டன்தான். இன்ஜின் உறுமும், டயர் இருந்த இடத்திலேயே சுற்றும். அதனால்தான் ஏற்றத்தில் பின்னால் இன்னொரு புல்லரை மாட்டித் தள்ளச் சொல்கிறார்கள். தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கங்களில் அதே பின் புல்லர் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்யும். ஏற்றத்தில் தவறினால் வண்டி நிற்கும், நேரம் போகும். இறக்கத்தில் தவறினால் போவது உயிர்.

தானே ஓடும் வகையும் உண்டு. புல்லரே இல்லாமல், முனையில் ஒரு பவர் பேக்கை (எண்ணெய்ப் பம்பை ஓட்டும் இன்ஜின் பெட்டி) மாட்டி, ஒரு ஆள் கழுத்தில் ரிமோட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தபடியே ஓட்டுவார். நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகும், நின்ற இடத்திலேயே சுற்றும். கப்பல் கட்டும் தளம், துறைமுகம், ஆலை வளாகம் இவற்றுக்குத்தான் அது. நடைவேகத்துக்கு மேல் ஓடாத வண்டியை நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டுவதில் அர்த்தமில்லை.

வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்றால் யார்டுக்கு நேரில் போய்ப் பாருங்கள். பெயிண்ட் புதுசா என்று பார்க்காதீர்கள். குனிந்து அடியில் பாருங்கள். சிலிண்டர் தண்டு பளபளவென்று இருக்கிறதா, கீறல் இருக்கிறதா. ஹோஸ் மேல் ரப்பர் வெடித்திருக்கிறதா. மேடைகளைக் கோக்கும் பின் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா. முதுகுப் பீமில் வெல்டிங் ஒட்டுப் போட்டிருக்கிறார்களா. பிறகு மேடையை முழு உயரத்துக்குத் தூக்கி வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்வார் எனக்குத் தெரிந்த ஒரு ஆபரேட்டர். திரும்பி வரும்போது ஒரு மூலை இறங்கியிருந்தால் சீல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஓட்டும் நாளுக்கு முன்னால் ஓட்ட வேண்டியது ஒரு கார். அதைத்தான் ரூட் சர்வே என்கிறார்கள். நம் மின்மாற்றியின் உயரம் 4.1 மீட்டர், மேடை 1.2 மீட்டர், மொத்தம் 5.3. தேசிய நெடுஞ்சாலைப் பாலங்களுக்கு அடியில் 5.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. 20 செ.மீ. இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. பாலம் கட்டிய பிறகு அடியில் எத்தனை முறை தார் மேல் தார் போட்டார்களோ! பலகையில் எழுதியதை நம்பாமல் அளவுகோலைத் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். இடைவெளி குறைவாக இருந்தால் எண்ணெயை விட்டு மேடையை 25 செ.மீ. இறக்கி ஊர்ந்து போகலாம். இந்த வண்டியின் சௌகரியங்களில் அதுவும் ஒன்று. மின்சார ரயில் பாதையின் லெவல் கிராசிங்கில் உயரத் தடுப்பு 4.67 மீட்டரில் இருக்கும். அதைத் தாண்ட ரயில்வே மின்சாரத்தை நிறுத்தி நேரம் ஒதுக்கித் தர வேண்டும். ஈ.பி. லைனுக்கு மின்வாரியம், பாதுகாப்புக்குப் போலீஸ், ரோட்டுக்கு நெடுஞ்சாலைத் துறை என்று ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டியதுதான். வண்டி ஓடும் நாட்களைவிட அனுமதிக்குக் காத்திருக்கும் நாட்கள் அதிகமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பாலங்களைப் பற்றி முன்பே சொன்னேன். சாலை, பாலங்களுக்கு விதி வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், பாலங்களுக்கான தன் விதிநூலில் இப்படிப்பட்ட வண்டிக்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 18 டன் வீதம் 20 ஆக்சில், 25 டன் புல்லர், மொத்தம் 385 டன். அதைத் தாங்கும்படி கட்டும் பாலத்திலும் இந்த வண்டி மணிக்கு 5 கி.மீ. வேகத்துக்குள், நட்டநடுவில் போக வேண்டும். நடுக்கோட்டிலிருந்து 30 செ.மீ.க்கு மேல் விலகக் கூடாது. நடுவில் போனால் அடியில் உள்ள எல்லா உத்தரங்களும் பங்கு போட்டுத் தாங்கும், ஓரத்தில் போனால் ஓரத்து உத்தரம் மட்டும் மாட்டிக்கொள்ளும். பாலத்தின் மேல் பிரேக் பிடிப்பதும் கூடாது. அவ்வளவு எடையும் ஒரே நேரத்தில் பாலத்தை முன்னால் தள்ளும்.

சரக்கு ஏற்றிய பிறகு வண்டியை நகர்த்துவதற்கு முன் செய்யும் ஒரு வேலையை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு துணைமின் நிலைய வேலைக்காக, மேலே சொன்ன அளவை ஒட்டிய மின்மாற்றியை ஏற்றியிருந்தார்கள். மின்மாற்றியை மேடையின் மையக்கோட்டில் நூல் பிடித்து வைத்தாகிவிட்டது. இன்ஜினியர் திருப்தியாகத் தலையாட்டினார். ஆபரேட்டர் மேடையை ஒரு சாண் தூக்கி, மூன்று குழுவின் பிரஷர் மீட்டரையும் டார்ச் அடித்துப் பார்த்தார். முன்னால் 107 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). பின் இடது 118. பின் வலது 96.

"தம்பி, சரக்கு இடது பக்கம் உக்காந்திருக்கு. எறக்கிட்டு மறுபடி வைக்கணும்" என்றார்.

"இல்லண்ணே, டேப் வச்சுத்தானே வச்சோம்?"

"டேப்பு பெட்டியத்தான் அளக்கும். எடைய எண்ணெய்தான் அளக்கும்."

பிறகு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த 22 பார் வித்தியாசத்துக்குச் சரக்கின் எடை மையம் ஆறேழு சென்டிமீட்டர் விலகியிருந்தாலே போதும். மின்மாற்றியின் பெட்டி சமச்சீராகத் தெரியும், உள்ளே இருக்கும் இரும்பும் செம்பும் அப்படி இருக்க வேண்டும் என்று இல்லையே. 54 செ.மீ. கையிருப்பில் ஏழு செ.மீ. கிளம்பும்போதே செலவு. ஜாக் வைத்துத் தூக்கி, நகர்த்தி, மறுபடி வைக்க மூன்று மணி நேரம் ஆனது. அப்புறம் மீட்டர் 107, 108, 106 காட்டியது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அடுத்தது கட்டுவது. இரும்பு மேல் இரும்பை வைத்தால் எண்ணெய்ப் பசையில் வழுக்கும். நடுவில் மரப்பலகையோ ரப்பர் விரிப்போ கட்டாயம். பிரேக் பிடித்தால் சரக்கு முன்னால் பாயத்தான் பார்க்கும் என்பதால் முன்பக்கத் தடுப்பும் சங்கிலியும் மற்றப் பக்கங்களைவிடப் பலமாக இருக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி எல்லாச் சங்கிலியையும் மறுபடி இறுக்க வேண்டும். முதல் கிலோமீட்டரில் மரம் அமுங்கிச் சங்கிலி தொளதொளக்கும். மின்மாற்றியில் அதிர்ச்சிப் பதிவுக் கருவி ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். வழியில் எங்கே, எப்போது குலுங்கியது என்று அது எழுதிவைத்துக்கொள்ளும், அதனால் பள்ளத்தில் வேகமாக விட்டுவிட்டு மறைக்க முடியாது.

ஓடும்போது புல்லர் டிரைவர் முன்னால் மட்டும் பார்ப்பார். பின்னால் நடப்பது அவருக்குத் தெரியாது. டிரெய்லரோடு நடந்தோ, பவர் பேக் மேல் உட்கார்ந்தோ வரும் ஆபரேட்டர்தான் அவருக்குப் பின்கண். இரண்டு பேருக்கும் வாக்கி டாக்கி. புல்லர் திரும்பும்போது அதை டிரெய்லரோடு இணைக்கும் டோ பார் திரும்பும். அந்த அசைவு எண்ணெய் வழியாக எல்லா வரிசைக்கும் போய், முன் சக்கரங்கள் ஒரு பக்கமும் பின் சக்கரங்கள் எதிர்ப் பக்கமும் திரும்பும். அதனால்தான் அவ்வளவு நீள வண்டி ரவுண்டானாவில் வளைகிறது. அதுவும் பத்தாத இடத்தில் ஆபரேட்டர் பின் சக்கரங்களைத் தனியாகத் திருப்பிக் கொடுப்பார். ரோடு ஒரு பக்கம் சரிந்திருந்தால், அந்தப் பக்கத்துக் குழுவுக்குக் கொஞ்சம் எண்ணெய் ஏற்றி மேடையை மட்டமாக்குவார். மேடையில் ரசமட்டம் ஒன்று ஒட்டியிருக்கும். அவர் கண் சரக்கில் பாதி நேரம், ரசமட்டத்தில் பாதி நேரம்.

டயர் வெடித்தால் பதற வேண்டாம். அந்தச் சிலிண்டரின் வால்வை மட்டும் மூடி, சக்கரத்தைத் தூக்கிக் கட்டிவிட்டு மெதுவாகப் போகலாம். மிச்சம் உள்ளவை அதன் பங்கை எடுத்துக்கொள்ளும். பதற வேண்டியது ஹோஸ் வெடிக்கும்போது. ஒரு குழுவின் எண்ணெய் வெளியே போனால் முக்கோணத்தின் ஒரு கால் மடிந்த மாதிரி. குழாய் வெடித்த நொடியில் தானாக மூடிக்கொள்ளும் வால்வுகள் அதற்காகத்தான். அவை வேலை செய்கின்றனவா என்று கிளம்புவதற்கு முன் யார்டிலேயே சோதிக்க வேண்டும். வண்டிக்கு அடியில் யாரும் படுத்து வேலை பார்ப்பதாக இருந்தால் மரக்கட்டை அண்டை கொடுக்காமல் படுக்கவே கூடாது. எண்ணெயை நம்பி உள்ளே போகாதே என்று ஹெல்பர்களைத் திட்டியே வளர்ப்பார்கள்.

போய்ச் சேர்ந்த இடத்தில் கிரேன் இல்லாமலே இறக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. சரக்குக்கு அடியில் குறுக்கே நீளமான பீம்கள் இருக்கும். அவற்றின் முனைகள் மேடைக்கு இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனைகளுக்கு அடியில் கனமான இரும்பு ஸ்டூல்களை வைப்பார்கள். பிறகு ஆபரேட்டர் எண்ணெயை விடுவார். மேடை மெதுவாக இறங்கும். பீம் ஸ்டூலில் உட்காரும். மீட்டர் முள் இறங்கிக்கொண்டே வந்து காலி வண்டியின் எண்ணில் நிற்கும். மேடைக்கும் பீமுக்கும் நடுவில் கை நுழையும் அளவு இடைவெளி தெரிந்ததும் புல்லர் வண்டியைப் பின்னால் எடுத்து உருவிக்கொள்ளும், 120 டன் ஸ்டூல் மேல் நிற்கும். அப்புறம் பத்து ஆக்சிலையும் பின் கழற்றிப் பிரித்து, சாதாரண டிரெய்லர் லாரிகளில் ஏற்றி யார்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள்.